எம்டியூ மட்டும்தான் மாற்றினார்

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டேட்டா சென்டரிலிருந்து போன். விர்ச்சுவல் மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறைகின்றன, டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கிறது. ஈதர்நெட் போர்ட் எல்லாம் பச்சை. ஆனால் அதன்மேல் கட்டியிருந்த எஃப்சிஓஇ போர்ட்டுகள், அதாவது ஃபைபர் சேனல் என்ற ஸ்டோரேஜ் நெட்வொர்க்கின் தகவலை ஈதர்நெட் வழியாகவே கொண்டுபோகும் போர்ட்டுகள், மொத்தமும் டவுன்.

என்ன மாற்றினீர்கள் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை சார், பேக்கப் டீம் கேட்டார்கள் என்று ஜம்போ ஃப்ரேம் போட்டேன், எம்டியூ 9216, அவ்வளவுதான்" என்றார் ஷிஃப்டில் இருந்தவர். ஒரு ஃப்ரேமில், அதாவது ஈதர்நெட்டின் தகவல் பொட்டலத்தில், எத்தனை பைட் போகலாம் என்ற உச்ச அளவுதான் எம்டியூ; அதைப் பெரிதாக்குவதுதான் ஜம்போ. அவர் பொய் சொல்லவில்லை. போட்டதை உடனே எடுத்தும்விட்டார். எடுத்த பிறகும் ஒன்றும் சரியாகவில்லை. அதனால் எம்டியூ காரணமில்லை என்று எல்லோரும் முடிவுகட்டி, விடிய விடிய ஸ்டோரேஜ் அரேயையும் சர்வர் கார்டையும் நோண்டிக்கொண்டிருந்தோம்.

காரணம் அந்த எம்டியூதான்! நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இந்தப் போர்ட்டுகள் எல்லாம் இருக்கும் அந்த நெட்வொர்க் ஸ்விட்சில் ஜம்போவைப் போர்ட் போர்ட்டாகப் போட முடியாது. ஸ்விட்ச் முழுமைக்கும் ஒரே ஒரு நெட்வொர்க் கியூஓஎஸ் பாலிசிதான், எந்தத் தகவலை எப்படி நடத்துவது என்ற விதித்தொகுப்பு அது. புதிதாக ஒன்றை ஏற்றினால் பழையதோடு சேராது. பழையது கழன்று விழும். எஃப்சிஓஇக்கான நோ-டிராப் கிளாஸ், நெரிசலிலும் ஃப்ரேமைக் கீழே போடாதே என்ற பிரிவு, அந்தப் பழையதற்குள்தான் இருந்தது. சரி, புதியதை எடுத்தால் பழையது திரும்பி வருமா? வராது. கம்பெனியிலிருந்து வந்த டிஃபால்ட் பாலிசிக்குப் போய்விடும், அதில் நோ-டிராப் கிளாஸே கிடையாது. எங்களிடம் முன்பு இருந்த மாடலில் அது டிஃபால்ட்டாகவே இருந்தது. அடுத்த மாடலில் நாமாக நான்கு வரி எழுதிச் சேர்க்க வேண்டும். இதை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

ஃபைபர் சேனல், வழியில் எதுவும் தொலையாது என்ற நம்பிக்கையில் கட்டியது. எதிர்முனையில் இடம் இருக்கிறது என்று கிரெடிட் வந்தால்தான் ஃப்ரேமையே அனுப்பும். ஈதர்நெட்டோ நெரிசல் வந்தால் கீழே போட்டுவிட்டுப் போய்விடும். ஸ்டோரேஜுக்கான இன்னொரு முறையான ஐஸ்கஸி என்றால் ஈதர்நெட்டுக்கு மேலே டிசிபி இருக்கிறது, தொலைந்ததை அது மறுபடி அனுப்பிக்கொள்ளும். எஃப்சிஓஇயில் டிசிபியும் இல்லை, ஐபியும் இல்லை. 2009இல், ஃபைபர் சேனல் தரங்களை வகுக்கும் டி11 குழு இந்தத் தரத்தை முடித்தபோதே தொலையாத ஈதர்நெட் வேண்டும் என்பதுதான் அடிப்படை. லிங்க் முழுவதையும் நிறுத்தாமல் ஸ்டோரேஜ் போகும் பிரயாரிட்டியை, வழக்கமாக 3ஐ, மட்டும் நிறுத்திவைக்கும் பிஎஃப்சி என்ற முறை அதற்காகத்தான் வந்தது. ஃபைபர் சேனல் ஃப்ரேம் 2148 பைட் வரை போகும், அதை 2158 எம்டியூவில் அடக்கலாம். 9216 அதைவிடப் பெரியதுதானே, என்ன ஆகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். ஃப்ரேமுக்கு இடம் இருந்தது, கீழே போடாதே என்ற கட்டளைதான் போய்விட்டது.

ரீலோட் கொடுத்தால் நிச்சயமா என்று கேட்கிற ஸ்விட்ச் இது. தன்மேல் இத்தனை எஃப்சிஓஇ போர்ட் ஓடுகிறது என்று அதற்குத் தெரியும். ஏற்றுகிற பாலிசியில் நோ-டிராப் இல்லை என்பதும் தெரியும். அப்படியிருந்தும் ஒரு எச்சரிக்கை கிடையாது! ஒரே கேபிளில் லேனும் ஸ்டோரேஜும் போகும், செலவு மிச்சம் என்று சொல்லி விற்றபோது இதை ஏன் சொல்லவில்லை?

ஏ, பி என்று இரண்டு ஃபேப்ரிக், அதாவது ஸ்டோரேஜ் நெட்வொர்க், தனித்தனியாக வைத்திருப்பதே ஒன்று போனால் மற்றது தாங்கத்தான். எம்டியூ மாற்றம்தானே என்று இரண்டிலும் ஒரே ராத்திரியில் செய்ய அனுமதி கொடுத்தது நாங்கள். அது எங்கள் தப்பு, மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் விளக்கக் கடிதம் எழுதச் சொன்னது யாரை? அந்த ஷிஃப்ட் ஆளை. அனுமதியில் கையெழுத்துப் போட்ட யாரையும் கேட்கவில்லை. கடிதத்தை நான் வாங்கி என் பெயரில் எழுதிக் கொடுத்தேன்.

தயாரித்த கம்பெனியிடம் புகார் போட்டோம். வடிவமைப்பே அப்படித்தான், டிக்கெட்டை மூடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். மூடக்கூடாது என்று மூன்று முறை பதில் அனுப்பிவிட்டேன்.