கட்டணம் இல்லை, கார் வரிசை உண்டு
கலிபோர்னியாவில் சார்ட்டர் பள்ளி என்பது அரசுப் பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் நடப்பது. கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல். சரி, இடம் கிடைத்தது. பஸ்தான் இல்லை. மூன்று மணிக்கு விடும் பள்ளிக்கு இரண்டரைக்கே கார் வரிசை தெருமுனையைத் தாண்டிவிடுகிறது. முன்னால் நிற்கிற மகராசி மகனை ஏற்றி, பெல்ட் போட்டு, அவன் வரைந்த டைனோசரையும் ரசித்துவிட்டுத்தான் நகர்வார். பின்னால் நாங்கள் பிரேக்கை மிதித்தபடி.

போதாததற்குப் பெற்றோர் பள்ளிக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்ய வேண்டிய தன்னார்வ மணிநேரம் வேறு. பாக்கி எவ்வளவு என்று மாதாமாதம் கடன்காரன் மாதிரி மின்னஞ்சல் வந்து நிற்கும். பெற்றோர் வேலை செய்தால்தான் பிள்ளைக்கு இடம் என்று நிபந்தனை போடக் கூடாது, மாநிலச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. எடுத்துக் காட்டலாம்தான். புத்தகக் கண்காட்சிக்கு மேசை தூக்க ஆளில்லை என்று டீச்சரே வந்து நின்றால், மறுக்க வாய் வருமா?