குடலில் தப்பிப் பிழைப்பது எது?

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் குடலில் இருக்கிற நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போகும், நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் மாத்திரை போட்டால் சரியாகிவிடும்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆதங்கமாக இருக்கும். இரண்டு பாதியுமே சரியில்லை.

முதலில், எல்லாம் சாவதில்லை. 1944-ல் ஜோசப் பிக்கர் என்ற ஆய்வாளர், பெனிசிலின் போட்ட ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாக் கூட்டத்தில் மிகச் சில மட்டும் பிழைத்துக் கிடப்பதைக் கவனித்தார். அவற்றை வளர்த்து மறுபடி பெனிசிலின் கொடுத்தால், சந்ததி வழக்கம்போலச் செத்தது. ஆக, அவை மருந்தை எதிர்க்கப் பழகியவை அல்ல. அந்த நேரத்தில் வளராமல் தூங்கியவை. பாக்டீரியா செல்சுவர் கட்டும்போதுதான் பெனிசிலின் அதைக் கெடுக்க முடியும். சும்மா கிடப்பதை அது ஒன்றும் செய்யாது.

குடலுக்குள் வேறு வழிகளும் உண்டு. சில, ஸ்போர் என்ற, கெட்டியான உறைக்குள் உறங்கும் வடிவமாக மாறிக் காத்திருக்கும். குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் என்ற பாக்டீரியா வகைகளில் பல, பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியால் பெனிசிலின் வகை மருந்துகளையே உடைத்துவிடும். அதனால் சுற்றிலும் மருந்து குறைந்து, எதிர்ப்பே இல்லாத பக்கத்து பாக்டீரியாவும் பிழைத்துக்கொள்ளும். இதை முதலில் படித்தபோது அசந்துபோனேன். ஆனால் இந்தப் பாதுகாப்பு நோய்க்கிருமிக்கும் கிடைக்கும் என்பதுதான் சங்கடம்.

எத்தனை பிழைத்தன என்பதைவிட எது பிழைத்தது என்பதே எனக்குக் கவலை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான 12 ஆண்களுக்கு 4 நாள் மூன்று வீரியமான ஆன்டிபயாடிக்குகள் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் குடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் முன்பு எல்லோரிடமும் இருந்த 9 இனங்கள், 180 நாள் கழித்தும் பெரும்பாலானவர்களிடம் காணவில்லை. அப்படிக் காலியாகும் இடத்தில்தான் ஸ்போராகத் தப்பிய கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற நோய்க்கிருமி பெருகி, கடும் வயிற்றுப்போக்கைக் கொடுக்கிறது.

சரி, புரோபயாடிக்? அதே ஆண்டு இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு புரோபயாடிக் எடுத்தவர்களின் குடல், எதுவும் எடுக்காதவர்களைவிடத் தாமதமாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது.

பாக்டீரியா தொற்று என்றால் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும், அதை மருத்துவர் சொன்னபடி சாப்பிடத்தான் வேண்டும். வைரஸால் வரும் சளிக்கு அது எதுவுமே செய்யாது. ஆனால் குடலில் இத்தனையும் நடக்கும். அதனால் மருத்துவர் "தேவையில்லை" என்றால், தயவுசெய்து "எதற்கும் ஒன்று எழுதிக் கொடுங்க" என்று வற்புறுத்தாதீர்கள்.