எண்ணெய் பட்டு நுரை உடைவது குறையா?
பாறைக்குள் தங்கிய எண்ணெயை வெளியேற்ற உதவும் கார்பன் டை ஆக்சைடு நுரை, கச்சா எண்ணெய் பட்டதும் உடைந்துவிடுவதால் எண்ணெய் வயலில் எடுபடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அது சரியாகப் படவில்லை. மதுரையில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோப்பு நுரைமேல் மண்ணெண்ணெய் சொட்டிக் காட்டுவேன்: விழுந்த இடம் குழியாக அமுங்கும், ஓரத்து நுரை அப்படியே நிற்கும். பாறைக்குள் வேண்டியதும் அதுதானே! எண்ணெயைத் தள்ளி எடுக்க டெக்சாஸில் 1972 முதல் கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள்; பிசுக்குமை (ஓட்டத்தை எதிர்க்கும் தன்மை) குறைந்த வெறும் வாயு, எண்ணெய் ஏற்கெனவே வடிந்துபோன சுலபமான வழியிலேயே ஓடிவிடும். அங்கே எண்ணெய் குறைவு என்பதால் நுரை நின்று அடைக்கும், பின்னால் வரும் வாயு எண்ணெய் தேங்கிய பக்கம் திரும்பும். உண்மையான தலைவலி, நுரைக்கான வேதிப்பொருள் பாறையில் ஒட்டி வீணாவதுதான். கட்டுரையாளர் அந்தச் செலவை அல்லவா எழுதியிருக்க வேண்டும்?