ஈசிஜி சர்க்யூட்: முதல் கட்டத்திலேயே 1000 மடங்கா?

இதயத்தின் மின்குறி சுமார் 1 மில்லிவோல்ட்தான், அதனால் ஏடி620 (சின்ன மின்குறியைப் பெருக்கித் தரும் ஐசி, அதாவது சிப்) ஒன்றில் 1000 மடங்கு பெருக்கினால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். பலர் அதை அப்படியே பகிர்ந்தும் இருக்கிறீர்கள். முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில்தான் சிக்கல்.

தோலும் எலக்ட்ரோடும் (மின்குறியை எடுக்க உடலில் ஒட்டும் பட்டை) சேரும் இடம் ஒரு குட்டி பேட்டரி மாதிரி. இரண்டு எலக்ட்ரோடுகளிலும் அது ஒரே அளவாக இருப்பதில்லை. அந்த வித்தியாசம் டிசி, அதாவது துடிப்பு மாதிரி ஏறி இறங்காத மின்னழுத்தமாக உள்ளே வரும். ±300 மில்லிவோல்ட் வரை தாங்க வேண்டும் என்று வைத்துத்தான் ஈசிஜி கருவிகளை வடிவமைக்கிறார்கள். அவ்வளவு கூட வேண்டாம், 5 மில்லிவோல்ட் என்றே வையுங்கள். ஆயிரம் மடங்கு என்றால் 5 வோல்ட். 9 வோல்ட் பேட்டரியின் நடுப்புள்ளியைப் பூஜ்யமாக வைத்தால் பக்கத்துக்கு 4.5தான், அவுட்புட் அதைத் தாண்ட முடியாது. அவுட்புட் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், இதயத்துடிப்பு தெரியவே தெரியாது. (ஐசி போய்விட்டது என்று தூக்கிப் போடுபவர்களும் உண்டு, பாவம்.)

முதல் கட்டத்தில் 5 முதல் 10 மடங்கு, அப்புறம் டிசியைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர், மீதிப் பெருக்கம் அதற்குப் பிறகு. இதுதான் வழக்கமான முறை.

நீங்களே பார்க்கலாம். இரண்டு மணிக்கட்டிலும் ஜெல் எலக்ட்ரோடு ஒட்டி, பேட்டரியில் ஓடும் டிஜிட்டல் மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசியில் வையுங்கள். வரும் எண்ணை 1000ஆல் பெருக்கி, 4.5 வோல்ட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். கையை அசைத்தால் எண் நகர்வதும் தெரியும். ஈசிஜிக்கென்றே வரும் ஏடி8232 ஐசியின் டேட்டாஷீட்டிலும் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) இந்த ±300 எண் இருக்கிறது.