பட்டாளம் ஊருக்குள் வர ஊரிடம் கேட்கட்டும்

இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஒரு நகரம் தன் மண்ணோடு சம்பந்தப்பட்ட ரெஜிமென்டுக்கு நகர உரிமை கொடுத்து கௌரவிக்கும். பணம் கிடையாது, நிலம் கிடையாது, ஒரு பத்திரம் மட்டும்தான். அதன்படி அந்தப் பட்டாளம் முரசு கொட்ட, கொடி பறக்க, பயனெட் மாட்டிய துப்பாக்கியோடு அந்த நகரத் தெருக்களில் நடந்து போகலாம். மேயர் நின்று அணிவகுப்பைப் பார்வையிடுவார், தெருவோரம் சனங்கள் கைதட்டுவார்கள். வீடியோக்களைப் பார்த்தால் நம்ம ஊர் தேரோட்டம் மாதிரி ஒரு கலகலப்பு.

எனக்கு இதில் பிடித்தது கலகலப்பு இல்லை. இந்த வழக்கம் பிறந்ததே சந்தேகத்தில்தான். லண்டன் சிட்டி ராஜாவின் படையைக்கூட ஆயுதத்தோடு உள்ளே விட யோசித்த ஊர். ஆயுதம் வைத்திருப்பவன் வாசலில் நிற்பான், உள்ளே விடலாமா வேண்டாமா என்று ஊர்க்காரன் முடிவு செய்வான். இன்று அது வெறும் சடங்குதான், சரி, ஆனால் அந்தச் சடங்கில்கூட யார் யாரிடம் அனுமதி வாங்குகிறார்கள் என்பது மாறவில்லை பாருங்கள்.

நம்ம பக்கம் கதை வேறு. மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் வயதை 1758-லிருந்து கணக்கிடுகிறது, ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயத் தளபதி கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சிப்பாய்ப் பட்டாளங்களை ஒழுங்குபடுத்திய காலம் அது. அந்த மெட்ராஸ் பட்டாளம் தஞ்சாவூருக்கு எப்படி வந்தது தெரியுமா? 1773-ல், ஆற்காட்டு நவாபுக்காக, பீரங்கியோடு. கோட்டை விழுந்தது, துளஜா ராஜா சிறைப்பட்டார், 1776-ல்தான் நாடு அவர் கைக்குத் திரும்ப வந்தது. முற்றுகை போட்ட சிப்பாய்களில் எத்தனையோ பேர் தமிழ் பேசியிருப்பார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அப்புறம் துளஜாவின் தத்துப்பிள்ளை சரபோஜி, ஆங்கிலேயர் நெப்போலியனை வென்றதற்காக மல்லிப்பட்டினம் பக்கம் கடற்கரையில் மனோராவைக் கட்டினார். ஐரோப்பாவில் யாரோ யாரையோ ஜெயித்ததற்கு நம்ம கடலோரத்தில் கோபுரம்!

இப்போது தஞ்சாவூருக்குச் சொந்தமாக ஒரு படைப்பிரிவே இருக்கிறது. விமானப்படையின் 222-வது ஸ்குவாட்ரன், சுகோய் விமானங்களோடு 2020 ஜனவரியில் இங்கே வந்து சேர்ந்தது. நடவு வயலுக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டால் நாற்று நடுகிற அத்தைகள் நிமிர்ந்து பார்த்துத் திட்டிவிட்டு மறுபடி குனிகிறார்கள். ஊருக்கும் அந்தப் படைக்கும் இருக்கும் உறவு இவ்வளவுதான்.

ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் போனால் பட்டாளத்தார் வீடு என்று கேட்டாலே வழி சொல்வார்கள். அந்தப் பட்டாளத்தார் லடாக்கில் இருந்தாரா, ராஜஸ்தானில் இருந்தாரா, யாருக்குத் தெரியும்? லீவில் வந்தால் கேட்கிற முதல் கேள்வி கேண்டீன் சரக்கு உண்டா என்பதுதான். ரிட்டயர் ஆகி வந்தால் ஏடிஎம் வாசலில் ஸ்டூல். அதே ஆள் பெட்டியில் வந்தால் மட்டும் கலெக்டர் வருகிறார், மந்திரி வருகிறார், துப்பாக்கி வேட்டு முழங்குகிறது, தெரு முழுக்கக் கண்ணீர் அஞ்சலி பேனர். செத்தால்தான் மரியாதை என்பது எனக்கு அசிங்கமாகப் படுகிறது.

பட்டாளத்துக்குக் கைதட்டுவதே தப்பு என்று சில நண்பர்கள் வருவார்கள். அவர்கள் கோபமும் எனக்குப் புரிகிறது, வேதாரண்யம் கடலோரத்துக்காரனுக்கு ஈழம் எட்டாத தூரம் இல்லை. 1990 மார்ச்சில், இலங்கையில் புலிகளோடு சண்டையிட்டுத் திரும்பிய இந்திய அமைதிப்படை சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சராக இருந்தவர் நம்ம திருக்குவளைக்காரர் கலைஞர். வரவேற்கப் போகவில்லை. பெரிய சர்ச்சை. அந்தப் படையில் தமிழ்ச் சிப்பாய்களும் இருந்தார்கள், டெல்லி அனுப்பிய இடத்துக்குப் போனவர்கள், அவர்கள் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் எனக்கும் சங்கடம்தான். ஆனாலும் அவர் செய்தது சரி என்பேன். வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறவன் வந்து நின்றால்தான் அதற்குப் பேர் வரவேற்பு. மற்றதெல்லாம் டியூட்டி.

அதனால்தான் இந்த அனுமதிச் சடங்கு நமக்கு வேண்டும் என்கிறேன். டெல்லியிலிருந்து உத்தரவு வந்து செய்கிற விழாவாக வேண்டாம். தஞ்சாவூர் 2014-லிருந்து மாநகராட்சி, கும்பகோணம் 2021-லிருந்து. மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டு, எதிர்ப்பவர்களும் பேசி, ஓட்டெடுத்து, அப்புறம் மெட்ராஸ் ரெஜிமென்டிலிருந்து ஒரு அணியைக் கூப்பிடுங்கள். அறுப்பு முடிந்த மாசி மாதம் தோதாக இருக்கும். அவர்கள் ரயிலடியிலிருந்து பெரிய கோவில் வரை நடக்கட்டும், நடுவில் ஓரிடத்தில் நின்று மேயரிடம் அனுமதி கேட்கட்டும், “வீர மெட்ராசி, அடி கொல்லு” என்ற அந்தப் போர்முழக்கத்தை ஊர் ஒரு தடவையாவது நேரில் கேட்கட்டும். 222-ஐயும் கூப்பிடுங்கள், விமானத்தை ஷெட்டில் விட்டுவிட்டு நடந்து வரட்டும், ஒருநாள் சத்தமில்லாமல் இருக்கும்.

மேடை வேண்டாம். போட்டால் முதல் வரிசையில் கட்சிக்காரர்கள்தான் உட்காருவார்கள், ஏடிஎம் ஸ்டூல்காரர் பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டிவரும். கவுன்சிலர் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள், தீர்மான வாசகத்தை நானே எழுதித் தருகிறேன். ஃப்ளெக்ஸில் உங்கள் படம் வராது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.