பட்டாளத்துக்காரன் வீட்டுப் பிரச்சினை

ராணுவத்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார் என்று செய்தி வந்தால், "லீவு தரலையா? மேலதிகாரி டார்ச்சரா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அதுவும் உண்டு. ஆனால் பாதுகாப்பு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொல்லிவரும் காரணங்களில் குடும்பப் பிரச்சினை, கணவன் மனைவி மனஸ்தாபம், கடன் எல்லாம் வருகின்றன. பழியை வீட்டுப் பக்கம் தள்ளிவிட அவர்களுக்கு இது வசதி என்ற சந்தேகம் எனக்கும் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பட்டியலில் பல விஷயங்களுக்கு, இங்கே இருக்கும் சொந்தக்காரர்கள் நினைத்தால் வழி பண்ணலாம்.

என் சித்தி ஆவடியில் இருக்கிறார். அவர் மகன் ராணுவத்தில், எல்லையில் இருக்கிறான். போன தடவை ஊருக்கு வந்தபோது விடுப்பில் பெரும்பகுதி பட்டா மாற்றத்துக்காக தாலுகா ஆபீஸ் வாசலிலேயே போய்விட்டது. அவன் கிளம்பிப் போன பிறகு சித்தி போனில், "பங்காளி வேலியை இன்னும் ரெண்டு அடி தள்ளிப் போட்டுட்டான்டா" என்று அழுதார். அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவன் என்ன செய்வான்? ராத்திரி டியூட்டி முழுக்க அதுதானே மண்டைக்குள் ஓடும்?

அந்த அலைச்சலை இப்போது நாங்கள் எடுத்துக்கொண்டோம். மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், பணியில் இருப்பவர் குடும்பமும் அங்கே போகலாம். அவருடைய கமாண்டிங் ஆபீசர் மூலம் கலெக்டருக்குக் கடிதம் போகவும் வழி உண்டு.

அமெரிக்க விமானப்படை 1996இல் தற்கொலைத் தடுப்பை மருத்துவர்கள் தலையில் மட்டும் கட்டாமல், கமாண்டர் தொடங்கி எல்லோருடைய பொறுப்பாகவும் ஆக்கியது. உதவி கேட்பது அவமானம் இல்லை என்று தலைமையே சொன்னது. தற்கொலை அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2003இல் ஆய்வு வந்தது.

அதைவிட எனக்கு மனதில் நிற்பது ஜெரோம் மாட்டோ என்ற மனநல மருத்துவர் செய்தது. சிகிச்சையைத் தொடர விரும்பாத நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அவர் சின்னச் சின்னக் கடிதங்கள் அனுப்பிவந்தார். வெறும் நலம் விசாரிப்பு, பதில் எழுதச் சொல்லி வற்புறுத்தல் இல்லை. முதல் இரண்டு வருஷங்களில், கடிதம் போகாதவர்களைவிட இவர்களிடையே தற்கொலை குறைவாக இருந்தது.

உங்கள் வீட்டுப் பட்டாளத்துக்காரருக்கும் அப்படி எழுதுங்கள். பணம் கேட்காத, புகார் சொல்லாத ஒரு மெசேஜ். குழந்தை பல் விழுந்த போட்டோ போதும்.

பேச்சில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால், "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அரசின் மனநல உதவி போன் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். முப்படையினருக்காக 2023 டிசம்பரில் புனேயில் தனிப் பிரிவே தொடங்கியிருக்கிறார்கள். அவர் தயங்கினால், என்ன செய்யலாம் என்று கேட்டு நீங்களே போன் போடலாம்.