சம்சு விற்காத கடை
தினமும் தியானம் செய்தாலே கருணை தானாக வந்துவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அதை முழுசாக ஏற்க முடியவில்லை. தியானம் மட்டும் போதாது, புத்தர் காட்டிய எண்வழிப் பாதையில் நல்ல தொழிலும் ஒன்று. ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு, இந்த 5 வியாபாரமும் வேண்டாம் என்று புத்தர் சொன்னது துறவிகளுக்கு அல்ல, இல்லறத்தாருக்கு. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே (முதலாளி) ஒருவர் தியானத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடை மூலையில் சிவப்புச் சாமி மேடை, ஊதுவத்தி, அவ்வளவுதான். ஆனால் சம்சு என்கிற மலிவுச் சாராயம் மட்டும் விற்க மாட்டார். தோட்டத்து ஆட்களுக்குக் கடனுக்கு அரிசி, பால்மாவு தருவார். சம்பள நாளில் கடன் கணக்கு எழுதிய 555 நோட்டை அந்த ஆட்களின் வீட்டுக்காரம்மாவிடம்தான் காட்டுவார், ஆண்களிடம் காட்டினால் பணம் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். வியாபாரிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்று அந்தக் கட்டுரைக்குக் கருத்தாக ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, அப்புறம் ஏன் பக்கத்துக் கடைகளைவிட இவர் கடையில் கூட்டம் அதிகம்?